ஐப்டேசியா: ஊசியா, இறாலா?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் களைபோலப் பரவும் சின்னக் கடல் சாமந்திதான் (sea anemone) ஐப்டேசியா. ஒரே ஒன்றைப் பார்த்ததும் கையால் பிய்க்கப் போகாதீர்கள். பாறையில் ஒட்டி நிற்கும் துணுக்கிலிருந்தே புதுசு முளைக்கும், ஒன்று பத்தாகிவிடும்.

அதை ஒழிக்க ஊசி வழி என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது கால்க்வாசர் தூளை, கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பசையாக்கி, பம்புகளை நிறுத்திவிட்டு ஐப்டேசியாவின் வாயிலேயே ஊசியால் விட வேண்டும். தொட்டால் சட்டென்று பொந்துக்குள் சுருங்கிக்கொள்ளும், அதனால் மெதுவாகப் போங்கள். பவளத்தின் மேல் சிந்தினால் அதுவும் வெந்துபோகும், ஒரே நாளில் நிறைய விட்டால் தண்ணீரின் பிஎச் எகிறும், அதனால் ஒரு தடவைக்கு நாலைந்து போதும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

பெப்பர்மின்ட் இறாலை விட்டால் கை எட்டாத இடுக்கிலெல்லாம் அதுவே இரவில் போய் ஐப்டேசியாவை மேயும். ஆனால் சின்னதைத்தான் விரும்பும், பெரியதைப் பெரும்பாலும் சீண்டாது, நீங்கள் போடும் தீனியில் வயிறு நிறைந்துவிட்டால் ஐப்டேசியா பக்கமே திரும்பாது. சில இறால்கள் பவளத்தையும் கொறிக்கும் (என்ன செய்ய, சொன்னால் கேட்கவா போகிறது?). வாங்கும்போது முதுகைப் பாருங்கள்: கூன் விழுந்து, சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் இருந்தால் அது ஒட்டக இறால், பவளத்தைத் தின்னும்.

கண்ணில் படுவது நாலைந்துதான் என்றால் ஊசியே போதும். பாறை முழுக்கப் பரவியிருந்தால் பெரியதற்கு ஊசி, அப்புறம் மிச்சத்துக்கு இறால்.