அக்சஸும் அந்தப் பென்சில் குறியும்

தரவுத்தளம் கற்க மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸை எடுக்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். 1994-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து அதோடு பழகியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்.

அதன் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் திரையில் ஒற்றைப் புள்ளிதான் நிற்கும். கட்டளை மனப்பாடமாக இருந்தால்தான் வேலை நகரும். அக்சஸில் வினவலை, அதாவது தரவைக் கேட்டெடுக்கும் கேள்வியை, அமைக்கும்போது அட்டவணைகள் பெட்டிகளாகக் கண்முன் விரிந்தன. வாடிக்கையாளர் எண்ணை இழுத்து ஆர்டர் அட்டவணையின் மேல் விட்டால் நடுவே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை இருமுறை சொடுக்கினால் மூன்று தெரிவுகள். வாடிக்கையாளர் எல்லோரும் வேண்டும் என்பதைத் தேர்ந்தால் கோட்டில் அம்பு முளைக்கும். ஆர்டரே கொடுக்காதவரும் பட்டியலுக்கு வந்துவிடுவார். வினவலை எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில் காட்டும் பார்வைக்கு மாறினால் அதே கோடு லெஃப்ட் ஜாயின் என்று எழுத்தில் இருக்கும். இணைப்பு என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தது அந்த அம்புதான். மாதிரியை நிரப்பி வினவும் முறையை ஐபிஎம்மில் மோஷே ஸ்லூஃப் 1970களிலேயே வகுத்துவிட்டார். பாரடாக்ஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் அதை, விண்டோஸுக்கு முந்தைய டாஸிலேயே கொண்டுவந்தது. ஆனால் கோடு இழுக்கும் சுகம் மவுஸோடுதான் வந்தது.

இனி என் ஆத்திரம். ஒரு வரிசையில் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் இடது ஓரத்தில் சிறிய பென்சில் தோன்றும். அடுத்த வரிசைக்குக் கர்சர் போன நொடியில் பென்சில் மறையும், பதிவு வட்டில் ஏறிவிடும். சேமிக்கவா என்று ஒரு வார்த்தை கேட்காது. வரிசையை விட்டு நகர்வதற்குள் எஸ்கேப்பை அழுத்தினால் பிழைத்தோம். அதற்குப் பிறகு கடைசியாகச் சேமித்த பதிவை மட்டும் மீட்கலாம், அதுவும் வேறொன்றில் கை வைக்காதவரை. கோப்பை மூடும்போது சேமிக்கவா என்று கேட்பது அட்டவணை, வினவல், படிவம் போன்றவற்றின் வடிவமைப்பைப் பற்றி மட்டும்தான். எழுத்து அளவை மாற்றினால் கேட்கிறது. ஒருவரின் நிலுவைத் தொகையை மாற்றினால் கேட்பதில்லை!

பலர் ஒரே கோப்பில் வேலை செய்யும்போது வரிசைக்கு வரிசை சேமிப்பதுதான் சரி. அதை மறுக்கவில்லை. தரவை உள்ளிடும் படிவத்தில், சேமிப்பதற்குச் சற்று முன் இயங்கும் பிஃபோர் அப்டேட் நிகழ்வில் ஒரு கேள்வியை நாமே எழுதி வைக்கவும் முடியும். ஆனால் அட்டவணையை நேரே திறப்பவருக்கு அந்தக் காவல் கிடையாது. புதிதாகக் கற்பவர் முதலில் திறப்பதும் அட்டவணையைத்தான்.

அதனால் நண்பருக்கு வேண்டாம் என்றே எழுதிவிட்டேன். ஆனால் நான் அக்சஸை விடுவதாக இல்லை. அந்தக் கோட்டை இழுத்துப் பழகிய கைக்கு வேறெதுவும் ஒட்டவில்லை.