தறிக்கூடத்து ஆணியில் தொங்கும் மஞ்சள் அட்டை

முதலிலேயே செலவைச் சொல்லிவிடுகிறேன். நானும் யாருடைய மதிப்புரையைப் படித்தாலும் அதைத்தான் முதலில் தேடுவேன். இந்தக் கால்நடை மருத்துவமனையில் ஒருமுறை காட்டினால் 300 ரூபாய். ஊசி, மருந்து, இரத்தப் பரிசோதனை எல்லாம் தனி. பல்லடம் பக்கத்துக்கு இது கொஞ்சம் கூடுதல்தான். நான் நாலு விசைத்தறி வைத்துக் கூலிக்குக் காடா, அதாவது வெளுக்காத துணி, ஓட்டுகிறவன். மீட்டருக்குப் பைசாக் கணக்கில் கூலி பேசிப் பழகியவனுக்கு, 300 ரூபாய் என்றதும் அது எத்தனை மீட்டர் துணி என்றுதான் மனம் ஓடும். இருந்தும் ஒன்றரை வருடமாக நாய்களையும் பூனையையும் தூக்கிக்கொண்டு அந்த ஒரே மருத்துவமனைக்குத்தான் போகிறேன். ஊசியும் மாத்திரையும் எங்கேயும் கிடைக்கும். அங்கே கிடைத்த மஞ்சள் அட்டை வேறெங்கும் கிடைக்கவில்லை.

தினசரிக் காலண்டரின் பின்னட்டை அளவுக்கு இருக்கும். மேலே ஒரு ஓட்டை, அதில் ஒரு நூல். சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடிகிறது. எந்த மாதத்தில் நாய், பூனைக்கு என்ன வரும், என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று மாதத்துக்கு நாலைந்து வரி. என் மகள் கைப்பேசியில் தேடி எடுத்துக் காட்டும் குறிப்புகளில் பனிக்காலத்தில் நாய்க்குக் காலுறை மாட்டச் சொல்கிறார்கள். பல்லடத்தில் பனி எங்கே பெய்கிறது? இந்த அட்டையில் ஆடிக்காற்று இருக்கிறது, ஊசிப்புல் இருக்கிறது, சின்ன வெங்காயம்கூட இருக்கிறது. எழுதியவர் இந்த மண்ணில் நடந்தவர் என்று படித்த உடனே தெரிந்தது.

எங்கள் வீட்டில் இருப்பவர்களைச் சொல்ல வேண்டும். வீரன், நாட்டு நாய், ஒன்பது வயது, தறிக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்தவன். லட்டு, பக் வகை, மூன்று வயது, மகளின் பிடிவாதத்தால் வந்தது. பூனைக்குப் பெயர் இல்லை. பூனை என்றுதான் கூப்பிடுகிறோம், அதற்கும் வருவதில்லை.

போன வருடம் சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றது. தறிக்கூடத்துக்குச் சிமெண்ட் அட்டைக் கூரை. மின்விசிறியும் நின்றால் உள்ளே ஆளே நிற்க முடியாது. நாங்கள் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டோம். லட்டு உள்ளே நூல் சுற்றிய தார் வைக்கும் பெட்டிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் நாக்கு செங்கல் நிறத்தில் தொங்குகிறது, எச்சில் கயிறாக வழிகிறது, நிற்க வைத்தால் சரிகிறது. நான் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த ஐஸை எல்லாம் ஒரு வாளியில் கொட்டி, அதற்குள் நாயை அமுக்கப் போனேன். அதற்குள் மகள் அந்த மருத்துவமனைக்குப் போன் போட்டுவிட்டாள். அதுவரை நாங்கள் அங்கே போனதே இல்லை.

போனை எடுத்தது டாக்டரம்மாவேதான். "அண்ணா, ஐஸ் வேண்டாம். குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு அப்படியே விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். காற்றுப் படும்படி காரில் ஏற்றிக் கொண்டு வாருங்கள்" என்றார். ஐஸ் பட்டால் தோலுக்கு அடியில் இருக்கும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்சூடு வெளியே வருவது தடைபடலாம் என்பதைப் பிறகுதான் விளக்கினார். போய்ச் சேர்ந்தபோது 106 டிகிரி. நாய்க்கு 101 முதல் 102.5 வரை இருந்தால்தான் சரியான சூடு. 103க்கு வந்ததும் நனைப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதற்கு மேலும் நனைத்தால் சூடு அடிமட்டத்துக்குப் போய்விடுமாம். இரண்டு நாள் சிறுநீரகத்தையும் இரத்தம் உறைவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். லட்டு பிழைத்தது.

நாய்க்கு வேர்ப்பது பாதத்தில் மட்டும்தான், அதுவும் பேருக்குத்தான். சூட்டை வெளியேற்றுவதெல்லாம் மூச்சிரைப்புதான் என்று அவர் சொன்னபோது எனக்கு விஷயம் பிடிபட்டது. மூக்கு சப்பையாகப் பிறந்த லட்டுவுக்கு அந்த விசிறி பாதி வேகத்தில்தான் சுற்றும். இதை வாங்கும்போது விற்றவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும் மகள் கேட்டிருக்க மாட்டாள்.

அன்றைக்குக் கிளம்பும்போது கையில் வந்ததுதான் அட்டை. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். சித்திரைக்கு நேராக, காலை ஏழுக்குள்ளும் மாலை ஆறுக்குப் பிறகும் மட்டும் வெளியே கூட்டிப் போங்கள், ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் காலும் அங்கே படக் கூடாது என்று இருக்கிறது. தண்ணீர் இரண்டு இடத்தில், மண்சட்டியில், நிழலில். செய்துதான் வருகிறேன்.

ஆனால் அந்த அட்டையின் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது உண்ணி விஷயத்தில்தான்.

ஐப்பசியில் வீரன் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். இரண்டாம் நாள் மூக்கில் ஒரு சொட்டு இரத்தம். எங்காவது இடித்திருப்பான் என்று நான் விட்டிருப்பேன். அட்டையில் ஐப்பசி வரிசையில், சாப்பிடாத நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், வெளுத்திருந்தாலோ மூக்கில் இரத்தம் வந்தாலோ அன்றே கொண்டு வாருங்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. உதட்டைத் தூக்கினேன். வெளுத்த காடா மாதிரி இருந்தது ஈறு.

உண்ணிக் காய்ச்சல். இரத்தத்தில் தட்டணுக்கள் நாற்பதாயிரம்தான் இருந்தன. குறைந்தது ஒன்றே முக்கால் லட்சமாவது இருக்க வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரை, 28 நாள். பத்தாம் நாளே வீரன் பழையபடி பால்காரரைத் துரத்த ஆரம்பித்துவிட்டான். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினால் கிருமி உள்ளே ஒளிந்துகொண்டு மறுபடி வரும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் 28 நாளும் கொடுத்தோம். நாயின் வாயில் 28 நாள் மாத்திரை போடுவது எப்படி என்பதற்குத் தனியாக ஒரு அட்டை போட வேண்டும்.

மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு அவர் விட்டிருந்தால் நான் இந்த மதிப்புரையை எழுதியிருக்க மாட்டேன். "நாய் எங்கே படுக்கும்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் எந்த மருத்துவரும் என்னிடம் கேட்காத கேள்வி. தறிக்கூடத்துச் சுவரோரம் என்றேன். சுவர் பூசியதா, வெடிப்பு இருக்கிறதா என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மேஸ்திரி கேட்க வேண்டியதை இவர் கேட்கிறாரே என்று. நாயின் மேல் நாம் காணும் உண்ணி கொஞ்சம்தான், மீதியெல்லாம் சுவரில் இருக்கிறது என்றார். இரத்தம் குடித்துக் கடலைப்பருப்பு அளவுக்கு ஊதிய பெண் உண்ணி, நாயை விட்டு இறங்கிச் சுவரில் ஏறி, வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் நாய் வரும்வரை பட்டினியாகவே மாதக்கணக்கில் காத்திருக்கும். அன்று மாலை டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். முப்பது வருடமாக நான் தினமும் சாய்ந்து உட்காரும் சுவர் அது. வெடிப்புக்குள் வரிசையாக, தறியில் நீளவாட்டுப் பாவு நூல் நிற்பதைப் போல. அதற்குப் பிறகு நான் அங்கே சாயவில்லை.

வெடிப்பையெல்லாம் சுரண்டி, சிமெண்ட் வைத்து அடைத்து, இரண்டு கை சுண்ணாம்பு அடித்தோம். ஆளுக்கும் சாமானுக்குமாக ஆன செலவு மருந்துச் செலவைவிட அதிகம். ஆனால் இந்த ஐப்பசியில் வீரன் மேல் தேடிப் பார்த்து ஒரே ஒரு உண்ணிதான் கிடைத்தது. அது விருந்தாளி என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவார்கள், சிலர் வயலுக்கு அடிக்கும் மருந்தையே கலக்கி ஊற்றுவார்கள். நானும் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் ஆள்தான். அதைச் சொன்னபோது டாக்டரம்மா ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்த பார்வை, 300 ரூபாயில் சேர்த்தி இல்லை.

இங்கே ஒரு குறை. நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு அது விஷம். நாயின் மேல் ஈரம் காயுமுன் பூனை உரசிப் படுத்தாலே வலிப்பு வரலாம். இவ்வளவு பெரிய விஷயம் அட்டையின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரே வரியாக இருக்கிறது. பாராசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும் என்பதும் அதே எறும்பு எழுத்தில்தான். பொதுவாகவே பூனைக்காரர்களை இந்த அட்டை ஒப்புக்குத்தான் சேர்த்திருக்கிறது. அடுத்த அச்சில் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஆடி மாதத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைக்காரர்களுக்கு வரம், எங்களுக்குக் கண்ணில் மண். கூடத்துப் பஞ்சும் சேர்ந்துகொள்ளும். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து நாயின் கண்ணைத் துடைக்கச் சொல்கிறது அட்டை. காய்ந்த ஊசிப்புல் காதிலும் விரலிடுக்கிலும் ஏறினால் முன்னோக்கித்தான் போகும், தானாக வெளியே வராது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறினால் கொண்டு வந்துவிட வேண்டும்.

சின்ன வெங்காயம் என் அம்மாவுக்காகவே எழுதியது போல இருக்கிறது. அறுவடை நேரத்தில் வீட்டில் எல்லாமே வெங்காயம்தான். வெங்காயச் சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோற்றை வீரனுக்கு அம்மா தினமும் வைப்பார். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சோகையில் கொண்டுபோய் விடும் என்று டாக்டரம்மா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "உங்கள் அப்பன் காலத்திலிருந்து எத்தனை நாய் இதைத் தின்று வளர்ந்தது தெரியுமா?" என்றார். பிறகு நாலு நாள் கழித்து, சாம்பாரைத் தெளிவாக இறுத்து ஊற்றுவதைப் பார்த்தேன். தெளிவிலும் வெங்காயச் சாறு இருக்கிறது என்று சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆனது. இப்போது வீரனுக்குத் தயிர்ச் சோறு, உப்பில்லாமல்.

தீபாவளிக்கு அட்டை சொல்வது: பகலிலேயே நன்றாக நடத்திக் களைக்க வையுங்கள், மாலை வெடி தொடங்குமுன் சோறு போட்டுவிடுங்கள், ஜன்னல் இல்லாத உள்ளறையில் விட்டு, தொலைக்காட்சியையோ பாட்டையோ சத்தமாக வையுங்கள். ரொம்பவும் பயப்படும் நாய்க்கு மருந்து வேண்டுமானால் ஒரு வாரம் முன்பே வந்து வாங்கி, ஒருநாள் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்; அன்று இரவு போன் செய்தால் பயனில்லை. வீரன் நாலு தறியின் இரைச்சலில் கால் நீட்டித் தூங்குகிறவன். வெடிச் சத்தத்துக்கு மட்டும் ஏன் கட்டிலுக்கடியில் நடுங்குகிறான் என்பது எனக்குப் புரியாமலே இருந்தது. தீபாவளிக்குத் தறிகள் நின்றுவிடும். அவன் வாழ்க்கையில் நிசப்தம் என்பதே அந்த மூன்று நாள்தான். அந்த நிசப்தத்தில்தான் வெடி விழுகிறது. இந்தத் தீபாவளிக்கு ஒரு தறியை மட்டும் ஓட்டினேன். நோம்பி நாளில் தறி ஓட்டுகிறானே என்று பக்கத்துக் கூடத்துக்காரர் எட்டிப் பார்த்தார். நாய்க்காக என்று சொல்லவில்லை, பாவு முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வீரன் தறிக்கடியில் படுத்துத் தூங்கினான். டாக்டரம்மாவிடம் சொன்னபோது குறித்துக்கொண்டார்.

மழைக்காலத்து எலிக்காய்ச்சலுக்கு இங்கே ஆண்டு ஊசியோடு சேர்த்தே போடுகிறார்கள். எலி சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரை நாய் நக்கினால் வருவது. நாயிடமிருந்து நமக்கும் வரும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு மட்டும் டாக்டரம்மா, "செப்டம்பர் 28ஐ ஒட்டி அரசுக் கால்நடை மருத்துவமனையில் முகாம் போடுவார்கள், அங்கே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், மருந்து ஒன்றுதான்" என்றார். தன் கடைச் சரக்கை வேண்டாம் என்று சொல்லும் ஆளை நான் நூல் வியாபாரத்தில்கூடப் பார்த்ததில்லை.

இனி மனத்தாங்கல்கள். டோக்கன் முறை கிடையாது. யார் முதலில் வந்தது என்று நாய்கள் சண்டை போடுவதற்கு முன் மனிதர்கள் போட்டுவிடுகிறார்கள். பெரிய பை நாய்த்தீனியை ஒவ்வொரு முறையும் உதவியாளர் தம்பி எடுத்து முன்னால் வைக்கிறார். வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும்விட, இரத்தமாகக் கழியும் குட்டியை ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு, ஊசி போட வந்த குட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பார்வோ என்கிற இரத்தக்கழிச்சல் நோய் அப்படித்தான் பரவும், அதன் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும் என்று இவர்களுடைய அட்டையே சொல்கிறது. அட்டை எழுதியவரிடமே அட்டையைக் காட்டினேன். முகம் சிவந்தது. அடுத்த முறை போனபோது வாசல் வேம்படியில் தனியாக ஒரு பெஞ்சு கிடந்தது, கழிச்சல் உள்ள குட்டிகளுக்கு என்று எழுதி.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வார நாளில் காலை பத்துக்கு முன் போனால் உட்கார வைத்துப் பேசுவார். அட்டையை அவர்களாகத் தருவதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், எங்கள் அட்டையில் மார்கழியிலிருந்து பங்குனி வரை லட்டு தின்றுவிட்டது.