சர்க்கரைப் பூனைக்கு எந்த இன்சுலின்: என்.பி.எச்.சா, கிளார்ஜினா?

எங்கள் கறுப்பனுக்கு ஒன்பது வயது. கருத்தடை செய்த கடுவன், ஆறு கிலோ எடை. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் கிடந்தபோதே சந்தேகம் வந்தது. பின்கால் குதி தரையில் படிய நடக்க ஆரம்பித்ததும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சுகர்தான். முதலில் என்.பி.எச். என்ற நடுத்தர நேர இன்சுலின் போட்டோம், மூன்று மாதம் கழித்து நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜினுக்கு மாறினோம். இப்போது யார் கேட்டாலும் கிளார்ஜின் என்றுதான் சொல்வேன்.

என்.பி.எச். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. நம் ஊரில் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் என்பதால் ஒரு யூனிட் அளப்பதும் சுலபம். அதன் நல்ல பக்கம் இவ்வளவுதான்.

கோளாறு நேரத்தில் இருக்கிறது. பூனை உடம்பு என்.பி.எச்.சைச் சீக்கிரம் தீர்த்துவிடுகிறது, பெரும்பாலான பூனைகளில் அது அடுத்த ஊசி வரை பன்னிரண்டு மணி நேரம் தாங்குவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டதுபோல் வீட்டிலேயே உட்கார்ந்து, காது ஓரத்தில் குத்தி ரத்தச் சர்க்கரையை அளந்துகொண்டே இருந்தேன். காலை ஏழுக்கு 390. பதினொன்றுக்கு 84. மூன்று மணிக்கு 300. மாலை ஏழுக்கு 430. நான்கு மணி நேரத்தில் அவ்வளவு வேகமாக இறங்கிய அந்த 84-ஐப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. டோஸைக் கூட்டினால் நடுவில் விழும் பள்ளம்தான் ஆழமாகும், மாலை ஏற்றம் அப்படியே நிற்கும். குறைத்தால் நாள் முழுக்க ஏற்றம். யூனிட்டை எப்படி மாற்றினாலும் இந்தச் சிக்கல் தீராது, மருந்தைத்தான் மாற்ற வேண்டும்.

கிளார்ஜின் குப்பிக்குள் அமிலமாக, தெளிந்த நீராக இருக்கிறது. தோலுக்கடியில் போனதும் நுண்துகளாகப் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதனால்தான் அதில் வேறெதையும் கலக்கக் கூடாது, நீர்க்கவும் வைக்கக் கூடாது. மாறி மூன்று வாரம் கழித்து அதே போல் அளந்தேன்: 310, 220, 180, 260. ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஆனால் பயப்படும்படியான பள்ளம் இல்லை. மாவுச்சத்து குறைந்த ஈர உணவோடு ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்தால், சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போகிறது. கறுப்பனுக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை. ஒரு யூனிட்டிலிருந்து அரை யூனிட்டுக்கு இறங்கியிருக்கிறான், குதி தூக்கி நடக்கிறான்.

ஒரே எச்சரிக்கை சிரிஞ்சு. கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட். 40 யூனிட்டுக்கான பழைய சிவப்பு மூடி சிரிஞ்சில் 'ஒன்று' கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட், அது பூனையின் உயிருக்கே ஆபத்து. மாறிய அன்றே வீட்டிலிருந்த சிவப்பு மூடி அத்தனையையும் அப்புறப்படுத்தினேன். 100 யூனிட்டுக்கான ஆரஞ்சு மூடியில், அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். வழக்கமான இன்சுலின் பேனா ஒவ்வொரு யூனிட்டாகத்தான் நகரும், அரை யூனிட்டுக்கு உதவாது.

விலை கூடுதல்தான். ஆனால் 10 மில்லி குப்பி வாங்காமல் 3 மில்லி கார்ட்ரிட்ஜ் வாங்கினால் அதில் 300 யூனிட் இருக்கிறது. திறந்த பின் 28 நாள் என்று மனிதர்களுக்கான கணக்கு போட்டிருக்கும். எங்கள் டாக்டர் ஒப்புதலோடு ஃபிரிட்ஜில் வைத்து அதற்கு மேலும் பயன்படுத்துகிறேன், லேசாகக் கலங்கினாலும் தூக்கிப் போட்டுவிடுவேன்.

புரோசிங்க் என்ற இன்னொரு இன்சுலின் அமெரிக்காவில் பூனைகளுக்கு அனுமதி பெற்றது. அங்கிருக்கும் என் அக்கா தன் பூனைக்கு அதைத்தான் போடுகிறாள், நன்றாக இருக்கிறதாம். நான் கையால் போட்டுப் பார்த்ததில்லை, அக்காவின் ஒரு பூனையை வைத்து அதைத் தள்ளவும் மாட்டேன், தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன்.

மாறுவதாக இருந்தால் பழைய டோஸை அப்படியே புதிய மருந்துக்குக் கொண்டு போகாதீர்கள், டாக்டர் சொல்லும் அளவிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் வாரம் பகலில் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். தேன் பாட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்: சுகர் மிகவும் இறங்கி பூனை தள்ளாடினால் ஈறில் தடவிவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.