0 + க = க என்பதற்கு ஒரு மத்தியானம்: டைப் தியரி பட்டறை அனுபவம்

பத்தொன்பது வருடமாகக் கல்லூரியில் கணக்கு எடுக்கிறேன். 0 + க = க என்று எழுதினால் "எப்படி?" என்று யாரும் கேட்டதில்லை. கேட்டது ஒரு லேப்டாப், போன மே மாதம் போய்வந்த ஐந்து நாள் பட்டறையில். டைப் தியரியும் (ஒவ்வொரு கணிதப் பொருளுக்கும் ஒரு வகை கொடுத்து, கணிதத்தைக் கட்டும் கோட்பாடு) கணிதத்தின் அடிப்படைகளும் என்பது தலைப்பு. தங்குமிடம், சாப்பாடு சேர்த்து நாலாயிரம் ரூபாய். நடத்தியவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கொஞ்சம் திட்டப்போகிறேன்.

திட்டை முதலில் முடித்துவிடுகிறேன். முதல் நாள் மத்தியானம் நிரூபணத்தை வரிக்கு வரி சரிபார்க்கும் லீன் என்ற மென்பொருளை எல்லாரும் ஏற்ற வேண்டும். லீன் சின்னதுதான். ஆனால் கூடவே வேண்டிய மேத்லிப் என்ற தேற்றக் களஞ்சியம் பிரித்துப் போட்டால் பல ஜிபி. நாற்பது பேர் ஒரே வைஃபையில் அதை இழுத்தோம், நெட் படுத்துவிட்டது. தயார் கோப்புகள் வந்து சேராதவர்களின் லேப்டாப் மொத்தக் களஞ்சியத்தையும் தானே கம்பைல் செய்ய ஆரம்பித்து மிக்ஸி மாதிரி கத்தியது. நாலு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஹாலில் பிளக் பாயிண்ட் ஆறே ஆறு.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் பிரவுசரைத் திறந்து, இயல் எண் விளையாட்டுக்குப் போனோம். 0, 1, 2 என்று போகும் எண்களின் விதிகளை லீனில் ஒவ்வொன்றாக நிரூபித்து முன்னேறும் விளையாட்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கெவின் பஸ்ஸர்டும் முகமது பெத்ராம்ஃபரும் 2019-ல் உருவாக்கியது. கொடுத்த நாலாயிரம் அங்கேயே வசூலாகிவிட்டது.

கூட்டலுக்கு இரண்டே விதிதான் கையில் கொடுக்கிறார்கள். க + 0 என்பது க. க-வோடு ச-வின் அடுத்த எண்ணைக் கூட்டினால், க + ச-வின் அடுத்த எண். அவ்வளவுதான். இதில் 0 + க எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை! இடம் மாற்றிக் கூட்டலாம் என்பதே இன்னும் நிரூபிக்கப்படவில்லை. தொகுத்தறிதல் முறையில்தான் போக வேண்டும்: 0-வுக்கு உண்மை என்று காட்டி, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததுக்கும் உண்மை என்று காட்டுவது. நான் அவசரமாகத் தட்ட, திரை சிவப்பாகிக்கொண்டே இருந்தது. உதவிக்கு நின்ற ஆராய்ச்சி மாணவி, "சார், திரையில இருக்கிற இலக்கைப் படிங்க. உங்க மனசுல இருக்கிறதைத் தட்டாதீங்க" என்றார். படித்தேன். ஒரு சமன்பாட்டை வைத்து இலக்கை மாற்றி எழுதும் ரீரைட் கட்டளை போட்டதும் 'அடுத்த எண்' வெளியே வந்தது. இன்னொரு ரீரைட், இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றானது. முடிந்தது. நாற்பது நிமிடம். "இது வெளிப்படை" என்று போர்டில் எழுதித் தாண்டிய இடங்களெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன.

க + 0-வும் க-வும் வரையறைப்படியே ஒன்று. 0 + க-வும் க-வும் நிரூபித்தால்தான் ஒன்று. சமத்தில் இரண்டு ரகம் உண்டு என்பது உறைத்த பிறகுதான், மறுநாள் ஸ்வீடன் தர்க்கவியலாளர் பெர் மார்ட்டின்-லோஃப் 1970-களில் கட்டிய டைப் தியரி எதற்கு என்று புரிந்தது. அதில் ஒவ்வொரு கூற்றும் ஒரு வகை (டைப்). நிரூபணம் என்பது அந்த வகையைச் சேர்ந்த ஒரு பொருள். அந்த வகுப்பை எடுத்தவர் ஸ்லைடே போடவில்லை, சாக்பீஸ்தான். தர்க்கவியலாளர் ஃப்ரேகே கட்டிய கணித அடிப்படையில் முரண்பாடு இருக்கிறது என்று ரஸ்ஸல் 1902-ல் அவருக்கு எழுதிய கடிதத்தில் ஆரம்பித்த வரலாற்று வகுப்பு பரவாயில்லை ரகம்.

மூன்றாம் நாள் பாடம் கணிதவியலாளர் விளாடிமிர் வோவோட்ஸ்கியின் வேலை. தான் 1993-ல் எழுதிய கட்டுரையில் ஒரு முக்கியத் துணைத்தேற்றம் தவறு என்று சில வருடம் கழித்துத் தாமே கண்டுபிடித்த மனிதர். நிரூபணத்தைக் கணினி சரிபார்க்கட்டும் என்று அவர் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். அவருடைய யூனிவேலன்ஸ் கொள்கைப்படி, ஒவ்வொன்றாக எண்ணும் இயல் எண்களும் பைனரியில் எழுதிய இயல் எண்களும் சமானம் (ஒன்றுக்கு ஒன்று சரியாகப் பொருந்துகின்றன) என்றால் சமமே. ஒன்றில் நிரூபித்ததை மற்றதற்குக் கொண்டுபோகலாம். எவ்வளவு அழகான விஷயம்! பேச்சாளர், "ஹோமோடோபி தெரியாதவர்கள் கை தூக்குங்கள்" என்றார். டோபாலஜியில், அதாவது வளைத்தாலும் நீட்டினாலும் மாறாததைப் படிக்கும் கணிதத்தில், வரும் கருத்து அது. பாதி ஹால் தூக்கியது. "சரி, அதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன்" என்று தாண்டியே விட்டார்.

சாப்பாடு குறைசொல்ல முடியாது, மூன்றாம் நாள் சாம்பாரைத் தவிர.

எம்.எஸ்ஸி. மாணவர்களும் என்னைப் போன்ற ஆசிரியர்களும் தாராளமாகப் போகலாம். புரோகிராமிங் தெரியாவிட்டால் பாதகமில்லை. டோபாலஜி தெரியாவிட்டால் மூன்றாம் நாள் ஊர் சுற்றிப் பாருங்கள். மேத்லிப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று எடுத்துப்போனால் பக்கத்து வரிசையே உங்களுக்கு நண்பர்கள்.