மதுரையா, பெங்களூரா, மலையிலேயே இருந்தா? சபை ஊழியருக்கான இறையியல் படிப்பு

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்துச் சபைகளில் ஊழியம் செய்யும் பட்டதாரி ஒருவர் இறையியல் படிக்க ஆசைப்பட்டால், பேச்சு கடைசியில் மூன்று இடங்களில் வந்து நிற்கும். மதுரை அரசரடி, பெங்களூர், இல்லையென்றால் வேலையை விடாமல் வீட்டிலிருந்தே.

சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) ஆயராக வேண்டும் என்பவருக்கு மூன்றாவது வழி பெரும்பாலும் உதவாது. நீலகிரிச் சபைகள் கோயம்புத்தூர் திருமண்டலத்தில் (பேராயரின் நிர்வாகப் பகுதியில்) இருக்கின்றன. திருமண்டலம்தான் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். பொதுவாக எதிர்பார்ப்பது மேற்கு வங்கத்துச் செராம்பூர் இறையியல் பல்கலைக்கழகத்தின் பி.டி. (இறையியல் இளநிலை) பட்டம். 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனத்தின் பேரில் இன்றும் வழங்கப்படும் பட்டம் அது; பட்டதாரிகளுக்கு நான்கு வருடம். அரசரடியின் தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் (1969), பெங்களூரின் ஐக்கிய இறையியல் கல்லூரியும் (1910) இதற்குத்தான் தயார் செய்கின்றன. பட்டம் ஒன்றுதான், படித்துவிட்டு வருகிறவர்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை.

பெங்களூரில் எல்லாம் ஆங்கிலம். பல மாநில மாணவர்கள், பெரிய நூலகம், பழைய மிஷனரி ஆவணங்கள். மேலே எம்.டிஎச். (இறையியல் முதுநிலை), ஆய்வு என்று போய்க் கல்லூரியில் கற்பிக்க நினைப்பவர் யோசிக்காமல் இங்கே சேரலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஊட்டிக்கு வந்து போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வழியில் உள்ள பந்திப்பூர் புலிகள் காட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை பெரும்பாலான வண்டிகளை விடமாட்டார்கள்.

மலைச் சபைக்கு ஊழியம் செய்யத் திரும்பி வரப்போகிறவர் என்றால் நான் அரசரடி கட்சி. தமிழிலேயே படித்து, தமிழிலேயே பரீட்சை எழுதலாம் என்பது வெறும் வசதி இல்லை. 'லூஓ, லூஎயிஸ், லூஎயி' என்று கிரேக்க வினைச்சொல்லை எங்கே படித்தாலும் உருப்போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் ரோமர் நிருபத்தை வகுப்பில் தமிழில் விவாதித்தவர், தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அதைச் சொல்லும்போது தடுமாறுவதில்லை. ஆங்கிலத்தில் படித்தவர் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே பேசுவது முன்வரிசைப் பாட்டிக்குக்கூடத் தெரிந்துவிடும். பரட்டை அண்ணன் என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளை ஆராதனைக்குள் கொண்டுவந்தது இந்தக் கல்லூரியில் கற்பித்த காலத்தில்தான். மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, குடிசைப் பகுதிகளில் தங்கிப் படிக்க வைக்கும் பழக்கமும் இதற்கு உண்டு. கூடலூரில் இதன் அருமை புரியும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள், 'செக்‌ஷன் 17' என்று சொல்லப்படும், உரிமைத் தகராறு உள்ள நிலத்தில் பட்டா இல்லாமல் குடியிருப்பவர்கள் என்று சபையார் பிரச்சினையோடு வருவார்கள். "ஐயா, எங்களைக் காலி பண்ணச் சொல்வாங்களா?" என்று கேட்பவரிடம் ஜெபித்து அனுப்பினால் மட்டும் போதாது. குறையும் இருக்கிறது: சமூக அலசலில் கெட்டியாக வரும் சிலருக்கு மரணப் படுக்கை அருகே என்ன பேசுவது என்று தெரிவதில்லை. அதை ஒரு மூத்த ஆயரோடு வீடு வீடாகப் போய்த்தான் கற்க வேண்டும்.

பெந்தெகொஸ்தே, சுயாதீன சபையாருக்கு செராம்பூர் கட்டாயமில்லை. ஆசிய இறையியல் கழக அங்கீகாரமுள்ள கல்லூரிகளில் எம்.டிவ். (ஊழியத்துக்கான முதுநிலைப் பட்டம்) பொதுவாக மூன்று வருடம். வேதபாடமும் பிரசங்கப் பயிற்சியும் தூக்கலாக இருக்கும். சபையே செலவை ஏற்றால் சரி. கடன் வாங்கிப் போகாதீர்கள்.

அப்புறம் வேலையை விட முடியாதவர்கள். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க், பள்ளி ஆசிரியை, குழந்தையோடு இருக்கும் தாய். இவர்களுக்கு செராம்பூரின் வெளிநிலைப் படிப்பான பி.சி.எஸ். (கிறிஸ்தவவியல் இளநிலை) இருக்கிறது. பெங்களூரிலிருந்து நடக்கும் தாஃப்டி (TAFTEE) என்ற அமைப்பின் வீட்டிலிருந்தே படிக்கும் இறையியல் படிப்பு இன்னும் இலகு: பாடப்புத்தகத்தில் கேள்விகளுக்கு வீட்டில் பதில் எழுதி, வாரம் ஒருமுறை வழிகாட்டியோடு குழுவாக உட்கார்ந்து பேசுவது. ஜூலை மழையில் கரண்ட் போய், நாலு பேரில் இரண்டு பேர் வரவில்லை என்றால் அந்த வாரம் அவ்வளவுதான். குழு கலைந்தால் படிப்பும் நின்றுவிடும். அதனால் சேருவதற்கு முன் கூடப் படிக்க மூன்று பேரைப் பிடியுங்கள்.

ஆறு மாதத்தில் 'டாக்டர்' பட்டம், ஓட்டல் ஹாலில் அங்கி போட்டுப் புகைப்படம் என்று வரும் அழைப்புகளை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல வேத அகராதியும் விளக்கவுரைகளும் வாங்கலாம்.

குடும்பஸ்தர்கள் மதுரைக்கோ பெங்களூருக்கோ விண்ணப்பிக்கும்போது பாடத்திட்டத்துக்கு முன்னால் விசாரிக்க வேண்டியது குடும்ப விடுதியைத்தான். தேயிலைத் தோட்டத்து வேலையை மனைவி விட்டுவிட்டு வந்தால், நான்கு வருடம் வீட்டுச் செலவு யார் கையில் என்பதைத் திருமண்டலத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.