உப்புக் குளமா, குளோரின் குளமா? டர்பன் வீட்டுக் கணக்கு

2019-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் வீட்டை வாங்கியபோதே பின்பக்க நீச்சல் குளத்துக்குப் புதிதாக உப்பு இயந்திரம் மாட்டியிருந்தார்கள். நாலு வருடம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, 2023 தீபாவளிக்கு முன்பு வாளியில் வரும் குளோரின் குருணைக்கு மாறினேன். அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

உப்புக் குளத்தில் குளோரினே கிடையாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். உப்பிலிருந்து குளோரினைக் கரண்ட் பிரித்துத் தருகிறது, அவ்வளவுதான். எங்கள் 40,000 லிட்டர் குளத்துக்கு 160 கிலோ உப்பு, அதாவது லிட்டருக்கு 4 கிராம். கடலில் சுமார் 35 கிராம். கண் எரிச்சல் குறைவு, தண்ணீரும் மெத்தென்று இருக்கும். என் மகள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

தொல்லை எல்லாம் இயந்திரத்தில் குளோரினைப் பிரிக்கும் பாகமான செல்லில்தான். உள்ளே இருக்கும் டைட்டானியத் தகடுகளில் சுண்ணாம்பு படியும். நீர்த்த ஆசிட்டில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். கழுவக் கழுவ மேல்பூச்சு தேயும். எங்கள் செல் நாலாம் வருடம் படுத்துவிட்டது. புதிதுக்குக் கேட்ட விலையில் இரண்டு மூன்று கோடைக்குக் குளோரின் வாங்கிவிடலாம்.

அதுகூடப் பரவாயில்லை. பம்ப் ஓடினால்தான் செல் குளோரின் தரும். முறைவைத்துக் கரண்டை நிறுத்திய 2023 லோட் ஷெடிங் மாதங்களில் கரண்ட் போகும்போதெல்லாம் டைமர் கடிகாரமும் நின்றுவிடும். பகலில் ஓட வேண்டிய பம்ப் நள்ளிரவில் உறுமும். இங்கே கோடையான ஜனவரி வெயிலில் இரண்டு நாள் குளோரின் இறங்கினால் போதும், குளம் கீரை மசியல்தான். அதை மீட்க என்ன போட்டேன்? எது வேண்டாமென்று உப்புக் குளம் வைக்கிறார்களோ அதே குளோரின் குருணை!

இப்போது சாயங்காலம் ஒரு குவளை குருணையைக் கரைத்து ஊற்றி, பம்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் முடிந்தது. வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் இருக்க ஸ்டெபிலைசர் என்ற வேதிப்பொருளும் அளவோடு வேண்டும். குருணையையும் ஆசிட்டையும் மட்டும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், கலந்தால் விஷவாயு. தினமும் நினைவு வைத்துக்கொள்வது சலிப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் கருவேப்பிலை. உப்புக் குளத்தின் பேக்வாஷ் தண்ணீர், அதாவது வடிகட்டியைக் கழுவி வெளியேற்றும் தண்ணீர், போன பக்கம் இருந்த மரம் பட்டுப்போனது. அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

நான் பட்டது சாதாரண இயந்திரத்தோடு. படிவைத் தானே உதிர்க்கும் செல்லும், கூரையில் சோலாரும் பேட்டரியும் இருக்கிற வீட்டில் கணக்கு வேறாக வரலாம். எதிர்வீட்டு அண்ணன் அப்படித்தான் வைத்திருக்கிறார். அவர் குளம் இதுவரை பச்சையாகி நான் பார்த்ததில்லை.