கப்பலில் அனுப்புவதா, அங்கே வாங்குவதா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து, ஐரோப்பாவில் உள்ள பிரான்சின் பெருநிலப்பகுதிக்குப் பணிமாற்றம் பெறும் இராணுவக் குடும்பங்கள், வீட்டுப் பொருட்களைக் கப்பலில் அனுப்புவதா, போய்ச் சேர்ந்தபின் வாங்கிக்கொள்வதா என்பதைப் பொருளுக்குப் பொருள் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். இரண்டு இடங்களிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கும் ஒன்றே என்பதால் இங்குள்ள மிக்சி அங்கும் அப்படியே ஓடும். ஆயினும் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கட்டில் ஆகியவை கொள்கலனில் பெரும் இடத்தை அடைத்துக்கொள்வதோடு, 9,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடக்க வாரக்கணக்கில் ஆகும். அவற்றை இங்கேயே விற்றுவிடுவது நல்லது. குளிர்கால உடைகளையும் அங்கே வாங்குவதே சரி.

பாட்டி காலத்து அம்மிக்கும், அடி கனத்த வார்ப்பு அலுமினியச் சட்டிக்கும், பித்தளைக் குத்துவிளக்குக்கும் எந்தக் கடையும் ஈடு தராது. எடையைப் பாராமல் இவற்றைக் கப்பலில் ஏற்றத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விளக்கை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துலக்கி, ஈரமின்றி உலர்த்தி, தட்டு, தண்டு, அடிப்பாகம் எனக் கழற்றித் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றினால், கடற்காற்றில் களிம்பேறுவது பெரிதும் குறையும். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானப் பெட்டியில் வைக்கக் கூடாது. பணியாணை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டைகள் ஆகியவற்றுடன் ஒரு சிறு குக்கரும் கையோடு வர வேண்டும்.